சகோதரப் போரின் முதல் நூறு நாட்கள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை ஆக்ராவுக்கு அழைத்துச் சென்று தாஜ்மகாலைக் காட்டுவது, வடநாட்டில் குடியேறிய நம்மனோர்க்கு எழுதப்படாத சட்டமாகிவிட்டது. தாஜ்மகாலைக் கண்ட பின் கோட்டைக்குச் செல்கிறோம். அங்கே யமுனையை நோக்கி நிற்கும் எண்கோண மாடத்தைச் சுட்டி, ஷாஜகான் சக்கரவர்த்தி மகனால் சிறை வைக்கப்பட்டு, இங்கிருந்தே மனைவியின் கல்லறையைப் பார்த்துக்கொண்டு காலம் கழித்தார் என்று வழிகாட்டி கூறுகிறார். உடன் வந்த தாய்மார்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். பின்னர் விடுதிகள் நிறைந்த பதேகாபாத் சாலை வழியே வண்டி திரும்புகிறது.

'பதே' என்பதற்கு வெற்றி என்று பொருள். அச்சாலை செல்லும் ஊரின் பெயர் யாருடைய வெற்றியைக் குறிக்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஆக்ராவுக்குக் கிழக்கே சுமார் 8 மைல் தொலைவில், யமுனைக் கரையை அடுத்த சமுகர் என்னும் வெளியில், 1658ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஒரே பகற்பொழுதில் பெற்ற வெற்றி அது. தந்தை சிறைப்பட்டதும், மூத்த மகன் தலையிழந்ததும், ஒரு பேரரசின் போக்குத் திரும்பியதும் அந்த ஒரு பகலின் விளைவுகளே.

அப்போரைத் தோற்ற பக்கத்தில் நின்று கண்ணாற் கண்டு எழுதியவர் ஒருவர், பின்னாளில் நம் சென்னையில் குடியேறி வாழ்ந்தார் என்பது தமிழர் பலரும் அறியாத செய்தி. வெனிஸ் நகரத்தவரான நிக்கோலோ மனுச்சியே அவர். சமுகர்ப் போரின்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபது. மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் தாராவின் பீரங்கிப் படையில் சேர்ந்திருந்தார். முதுமையில் சென்னையிலும் பறங்கிமலையிலும் வாழ்ந்து, மொகலாயர் வரலாற்றைப் பெரு நூலாக எழுதினார். பறங்கிமலைச் சாரலில் அமர்ந்து, அரை நூற்றாண்டுக்கு முன் கண்ட ஆக்ராப் புழுதியை அவர் நினைவுகூர்ந்தார். ஆக்ராவிலும் தில்லியிலும் வாழ்ந்துகொண்டு ஊரை நினைக்கும் நமக்கு, அந்த முதியவரின் உள்ளம் ஓரளவு விளங்கும்.

அச்சகோதரப் போர் 1657ஆம் ஆண்டின் இறுதியில் மூண்டு, 1660 வரை நீண்டது. ஆயினும் அதன் முடிவை உறுதி செய்தவை முதல் மூன்று களங்களே. காசிக்கு அருகில் பகதூர்பூர், உஜ்ஜயினிக்கு அருகில் தர்மத், ஆக்ராவுக்கு அருகில் சமுகர் என்ற மூன்றுக்கும் இடைப்பட்ட காலம் 104 நாட்கள். பொருளும் படையும் பேரரசன் பெயரும் ஒருங்கே உடைய பக்கம், அந்த 104 நாட்களில் அனைத்தையும் இழந்தது. எவ்வாறு இழந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் வதந்தியும்

1657 செப்டம்பர் 6ஆம் நாள் ஷாஜகான் தில்லியில் நீரடைப்பு நோயால் வீழ்ந்தார். நாள்தோறும் மாடத்தில் தோன்றி மக்களுக்குக் காட்சியளிப்பது மொகலாய மன்னர் மரபு. அக்காட்சி சில நாட்கள் நின்றது. அவ்வளவே போதும். பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி நாடெங்கும் பரவிற்று. அவர் பின்னர் உடல் தேறி ஆக்ராவுக்குச் சென்ற போதிலும், பரவிய வதந்தியைத் திரும்பப் பிடிக்க இயலவில்லை.

மும்தாஜ் ஈன்ற ஆண்மக்கள் நால்வர் அப்பொழுது உயிரோடிருந்தனர். மூத்தவர் தாரா ஷூகோ, வயது 42. தந்தையின் அருகிலேயே இருந்தவர். இளவரசுப் பட்டம் அவருக்கே என்று தந்தை வெளிப்படையாகக் காட்டி வந்தார். இரண்டாமவர் ஷூஜா வங்காளத்திலும், மூன்றாமவர் ஔரங்கசீப் தக்காணத்திலும், இளையவர் முராத் குஜராத்திலும் ஆளுநர்களாயிருந்தனர். மூத்தவனுக்கே முடி என்ற உறுதியான விதி மொகலாயரிடம் இல்லை. ஆதலின் நால்வரும் தமக்கு உரிமை உண்டெனக் கருதினர். அரியணை இன்றேல் கல்லறை என்பதே அவர்கள் அறிந்திருந்த முறை. ஷாஜகானும் அம்முறையில் உறவினரை நீக்கியே அரியணை ஏறியவர்.

தாரா கல்வியிற் சிறந்தவர். காசிப் பண்டிதர்களின் துணைகொண்டு உபநிடதங்களைப் பாரசீக மொழியில் பெயர்த்து, அப்பணியை 1657லேயே முடித்திருந்தார். தில்லியில் காஷ்மீர வாயிலுக்கு அருகே அவர் பெயரால் வழங்கும் நூலகக் கட்டடத்தை நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். ஆனால் பெரும் போர்களை நடத்திய பழக்கம் அவருக்குக் குறைவு. 1653இல் அவர் தலைமையேற்றுச் சென்ற காந்தகார் முற்றுகை பயனின்றி முடிந்தது. தம்பியரோ எல்லைப்புறங்களில் படைகளோடு வாழ்ந்தவர்கள்.

ஷூஜா ராஜமகாலில் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். முராதும் அகமதாபாத்தில் டிசம்பர் மாதம் முடிசூடிக்கொண்டார். சூரத்துக் கோட்டையைக் கைப்பற்றி, அந்நகரத்துப் பெருவணிகரிடம் போர்ச் செலவுக்குக் கடன் பெற்றார். ஔரங்கசீப் மட்டும் முடிசூடவில்லை. முராதுக்கு மறைகுறியீட்டில் கடிதங்கள் எழுதினார். நாட்டைப் பங்கிட்டுக்கொள்வதாக உடன்பாடு செய்தார். கோல்கொண்டாவில் அமைச்சராயிருந்து பெயர் பெற்ற மீர் ஜும்லா, சிறந்த பீரங்கிகளோடு அப்பொழுது தக்காணத்தில் இருந்தார். அவரைத் தலைநகர் திரும்புமாறு ஆணை வந்ததும், ஔரங்கசீப் அவரைச் சிறைப்படுத்திப் பீரங்கிகளைத் தம் வசமாக்கினார். அது இருவரும் பேசிவைத்த கைது என்றே வரலாற்றறிஞர் பலர் கருதுவர். தம்பியர் இருவர் அவசரத்தில் முடியைத் தேட, மூன்றாமவர் பொறுமையாகப் பீரங்கியைத் தேடினார்.

முதற்களம்: பகதூர்பூர்

ஆக்ராவிலிருந்து முதலில் புறப்பட்ட படை கிழக்கு நோக்கிச் சென்றது. தாராவின் மூத்த மகன் சுலைமான் ஷூகோ பெயரளவில் தலைவர். ஆம்பேர் மன்னர் ஜெயசிங் உண்மைத் தளபதி. சுமார் 20,000 குதிரை வீரர்கள் அதில் இருந்தனர். தாராவின் சிறந்த வீரர் பலர் மகனுக்குத் துணையாக அப்படையிற் சென்றுவிட்டனர்.

ஷூஜா காசிக்கு அருகே பகதூர்பூரில் பாடி இறங்கியிருந்தார். கங்கையில் அவருடைய படகுகளும் பீரங்கிகளும் நின்றன. சுலைமானின் படை சில நாட்கள் எதிரே வாளாவிருந்தது. 1658 பிப்ரவரி 14ஆம் நாள் விடியற்காலையில், இடம் மாற்றுவது போலப் போக்குக் காட்டித் திடீரெனப் பாய்ந்தது. ஷூஜா கொசுவலைக்குள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுந்து யானை மீது ஏறியபோது பாசறை முழுதும் சிதறிவிட்டது. அவர் படகேறித் தப்பினார். பெரும்பொருள் கொள்ளை போயிற்று.

ஆக்ராவில் மகிழ்ச்சி பொங்கிற்று. ஆயினும் அந்த மகிழ்ச்சியிலேயே கேடு ஒளிந்திருந்தது. தப்பியோடுபவனைத் துரத்துவதில் சுலைமான் மேலும் மேலும் கிழக்கே சென்று, முங்கேர் வரை போய்விட்டார். மேற்கே இரு இளவரசர்கள் நெருங்கிக்கொண்டிருக்கையில், தாராவின் மிகச் சிறந்த படை பீகாரில் நின்றது. உடனே திரும்புக என்று தந்தையின் ஓலை வந்து, ஷூஜாவுடன் அவசரமாக உடன்படிக்கை செய்துகொண்டு கிளம்பியபோது மே மாதம் பிறந்துவிட்டது.

இரண்டாங்களம்: தர்மத்

மாளவத்தைக் காக்க அனுப்பப்பட்டவர் மார்வார் மன்னர் ஜஸ்வந்த் சிங். உடன் காசிம்கான் என்னும் மொகலாயத் தளபதி. ஜஸ்வந்த் பெற்ற ஆணை விசித்திரமானது. இளவரசர்களை நயமாகப் பேசித் தத்தம் மாகாணங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் போரிட வேண்டும் என்பதே அது. நோயுற்ற தந்தை தம் பிள்ளைகளின் மேல் வைத்த பாசத்தில் பிறந்த ஆணை. தந்தைக்கு அது இயல்பு. தளபதிக்கோ அது கைவிலங்கு. பேரரசரின் இரத்தத்தைச் சிந்தலாமா, ஆகாதா என்று தெரியாமலே ஜஸ்வந்த் களம் புகுந்தார்.

எதிரிகள் எங்கே இருக்கின்றனர் என்பதையும் அவர் நன்கு அறியவில்லை. ஔரங்கசீப் பிப்ரவரியில் ஔரங்காபாத்தை விட்டு, பர்ஹான்பூரில் ஒரு மாதம் தங்கி, ஏப்ரல் தொடக்கத்தில் நருமதையைத் தடையின்றிக் கடந்தார். ஆற்றுத் துறைகளை அவர் ஆட்கள் காத்தமையால் செய்தி வடக்கே செல்லவில்லை. ஏப்ரல் 14ஆம் நாள் முராதின் படை அவருடன் வந்து சேர்ந்தது. தனித்தனியே தடுக்க வேண்டிய இருவரும் ஒன்றாகிவிட்டனர் என்பதை ஜஸ்வந்த் அறிந்தபோது, அவர்கள் ஒரு நாள் நடைத் தொலைவில் இருந்தனர்.

அன்றிரவே பாய்ந்து பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்று அவருடைய தலைவர் ஒருவர் யோசனை கூறினார். இருளில் பாய்வது இராசபுத்திர வீரத்துக்கு இழுக்கு என்று ஜஸ்வந்த் மறுத்துவிட்டார். பகதூர்பூரில் வெற்றி தந்த வழியும் அதுவே என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

மறுநாள், ஏப்ரல் 15, கதிரவன் எழுந்து சில நாழிகைகளில் போர் தொடங்கியது. ஜஸ்வந்த் தேர்ந்திருந்த இடம் குறுகலானது, மேடு பள்ளமானது, பக்கங்களில் பள்ளமும் சேறும் சூழ்ந்தது. குதிரைப் படைக்கு விரிந்து சுழல வெளி வேண்டும். அங்கே அது இல்லை. எதிரியின் பீரங்கிக் குண்டுகள் நெருங்கி நின்ற கூட்டத்தின் நடுவே விழுந்தன.

பொறுக்கலாற்றாத இராசபுத்திரத் தலைவர்கள் பீரங்கி வரிசை மேலேயே பாய்ந்தனர். கோட்டாவின் முகுந்த் சிங் ஹாடா, ரத்லாமின் ரத்தன் சிங் ராத்தோர், தயாள் சிங் ஜாலா, அர்ஜுன் சிங் கௌர் முதலியோர் முன்னணியில் சென்றனர். பீரங்கிப் படைத் தலைவர் முர்ஷித் குலிகானை வெட்டி வீழ்த்தி, வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தனர். அவர்களைத் தொடர்ந்து பின்னணிப் படை பாய்ந்திருப்பின் அன்றைய கதை வேறாகியிருக்கலாம். பாயவில்லை. காசிம்கானின் படை பெரும்பாலும் நின்று பார்த்தது. உட்புகுந்தோர் நாற்புறமும் சூழப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். காயமுற்ற ஜஸ்வந்தை அவர் தோழர்கள் குதிரையின் கடிவாளத்தைப் பற்றிக் களத்திலிருந்து வெளியே கொண்டு சென்றனர். பேரரசுப் படையில் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டதாக யதுநாத் சர்க்கார் கணக்கிடுகிறார்.

தோற்றுத் திரும்பிய கணவனுக்குக் கோட்டைக் கதவைத் திறவாதீர் என்று ஜோத்பூரில் அவர் அரசி ஆணையிட்டதாக பெர்னியர் என்னும் பிரெஞ்சுப் பயணி எழுதி வைத்துள்ளார். உண்மையோ, புனைவோ, நம் புறநானூற்று மறக்குடி மகளிரை அறிந்த தமிழர்க்கு அக்கதை அயலாகத் தோன்றாது. ஆயினும் ஒன்று கூற வேண்டும். அங்கே குறைந்தது வீரம் அன்று. போர் செய்க, செய்யற்க என இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆணைக்கு அந்த ஆறாயிரவர் பலியாயினர்.

சம்பல் ஆற்றுத் துறை

தர்மத்தின் செய்தி கேட்டு ஆக்ரா அதிர்ந்தது. சுலைமான் வரும்வரை காத்திருக்குமாறு முதியோர் கூறினர். தாமே களத்துக்குச் சென்று மக்களிடையே நிற்பதாகப் பேரரசர் விரும்பினார் என்றும், தாரா அதற்கு இணங்கவில்லை என்றும் கூறுவர். மே 18ஆம் நாள் தந்தையிடம் விடைபெற்றுத் தாரா புறப்பட்டார். தந்தையும் மகனும் அதன்பின் ஒருவரையொருவர் காணவே இல்லை.

தென்னாட்டிலிருந்து ஆக்ராவுக்குச் செல்லும் வழியில் இயற்கை அமைத்த அகழி சம்பல் ஆறு. தாரா தோல்பூருக்கு அருகே இருந்த துறைகளையெல்லாம் பீரங்கிகளால் அடைத்தார். அது நல்ல ஏற்பாடே. ஆனால் ஔரங்கசீப் அத்துறைகளின் பக்கமே வரவில்லை. பந்தேலத் தலைவர் சம்பத்ராயின் துணையோடு, சுமார் 40 மைல் கிழக்கே இருந்த காவலற்ற துறையொன்றை அறிந்து, மே 23ஆம் நாள் ஆற்றைக் கடந்துவிட்டார். கோடை வெயிலில், கரடுமுரடான பள்ளத்தாக்குகளின் வழியே நடந்த அந்நடையில் தாகத்தால் மாண்டோர் பல்லாயிரவர். உயிரிழப்பு பெரிது, அடைந்த பயனும் பெரிது. தாரா கனத்த பீரங்கிகள் பலவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டு ஆக்ராவை நோக்கி விரைந்து பின்வாங்க நேர்ந்தது.

மூன்றாங்களம்: சமுகர்

மே 28ஆம் நாள் ஔரங்கசீப்பின் படை களைத்து, தாகத்தோடு வந்து சேர்ந்தது. அன்றே தாக்கியிருந்தால் வெற்றி எளிது. தாரா தம் படையை அணிவகுத்து வெளியே கொண்டுவந்தும் தாக்கவில்லை. இரும்புக் கவசத்தோடு பகல் முழுதும் வெயிலில் நின்ற வீரர்கள் மாலையில் சோர்ந்து பாசறை திரும்பினர். எதிரியோ அன்றிரவு இளைப்பாறினான். ஒரு பகலை இவ்வாறு வழங்கிய பின், மறுநாள் போர்.

தாராவின் படை சுமார் 50,000. பார்வைக்கு அழகிய படை. ஆனால் புதிதாகச் சேர்க்கப்பட்டோருள் பெரும்பாலோர் இறைச்சி விற்போர், நாவிதர், கொல்லர், தச்சர், தையற்காரர் முதலியோரே என்று மனுச்சி குறிக்கிறார். பழகிய வீரர்கள் சுலைமானுடன் கிழக்கே இருந்தனர் அல்லவா?

நண்பகலில் தாராவின் பீரங்கிகள் முழங்கின. தொலைவு மிகுதியாதலின் பயன் குறைவு, புகையே மிகுதி. ஔரங்கசீப்பின் பீரங்கிகள் வாய் திறவாமல் காத்திருந்தன. எதிரியின் பீரங்கிகள் அழிந்தன என்று எண்ணி, இடப்பக்கத்திலிருந்து ருஸ்தம்கான் தம் குதிரைப் படையோடு பாய்ந்தார். அருகில் வந்ததும் காத்திருந்த பீரங்கிகள் வெடித்தன. ருஸ்தம்கான் போரிட்டு மாண்டார்.

மற்றொரு பக்கத்தில் பூந்தியின் சத்ரசால் ஹாடாவும் பிற இராசபுத்திரரும் முராதின் யானையைச் சூழ்ந்தனர். முராத் முகத்தில் அம்புகள் தைத்தும் பின்வாங்கவில்லை. அம்புகள் முள்ளாய்த் தைத்திருந்த அவருடைய அம்பாரி நெடுங்காலம் கோட்டையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. ரூப்சிங் ராத்தோர் குதிரையினின்று குதித்து, தனியொருவராய் ஔரங்கசீப்பின் யானையை அணுகி, அம்பாரியின் கச்சையை வாளால் அறுக்க முற்பட்டார். அத்தகைய வீரனை உயிரோடு பிடியுங்கள் என்று மேலிருந்து ஔரங்கசீப் கூவினார். அதற்குள் காவலர் அவரை வெட்டி வீழ்த்திவிட்டனர். சத்ரசாலும் களத்திலேயே மாண்டார்.

தாரா அஞ்சிய கோழை அல்லர். ஆனால் தாம் நிற்க வேண்டிய நடுவிடத்தை விட்டு, துன்புறும் பக்கங்களுக்கு மாறி மாறி விரைந்தார். தம் பீரங்கிகளுக்கு முன்னேயே சென்றமையால் அவை சுட இயலாமல் வாளாவிருந்தன. வலப்பக்கத்தில் கலீலுல்லாகான் பெரும்படையோடு நின்றும் முழு மனத்தோடு போரிடவில்லை. அவர் துரோகம் செய்தார் என்பது மனுச்சி முதலியோர் கருத்து. இறுதியில் குண்டுகள் தம் யானையைக் குறிபார்க்கக் கண்டு, தாரா இறங்கிக் குதிரை மீது ஏறினார்.

யானை மீதுள்ள அம்பாரியே அக்காலத்துப் படைக்குக் கொடி. அது வெறுமையாகக் காணப்பட்ட கணமே, தலைவன் வீழ்ந்தான் என்ற எண்ணம் படையெங்கும் பரவிற்று. கதிரவன் சாய்வதற்குள் அப்பெரும்படை கலைந்தோடிவிட்டது. அன்றிரவு ஆக்ரா வந்து சேர்ந்த தாரா, தந்தையின் முகத்தில் விழிக்க நாணித் தம் மாளிகையிலேயே தங்கி, விடிவதற்கு முன் மனைவி மக்களோடு தில்லியை நோக்கிச் சென்றார். சுலைமான் அலகாபாத்துக்கு மேற்கே வந்துகொண்டிருந்தபோது தோல்விச் செய்தி எட்டியது. ஜெயசிங் அவரைக் கைவிட்டு வென்றவர் பக்கம் சேர்ந்தார். பகதூர்பூரில் வென்ற படை, வேண்டிய நாளில் வேண்டிய இடத்துக்கு வராமலே கரைந்து போயிற்று.

யார் யாருடன் போரிட்டனர்?

இப்போரை இரு சமயத்தார் போர் எனக் கூறுவோர் உண்டு. மூன்று களங்களையும் உற்று நோக்குவோர்க்கு அது பொருந்தாமை விளங்கும். தாராவுக்காக மாண்டவர்களுள் சத்ரசாலும் உண்டு, ருஸ்தம்கானும் உண்டு. ஔரங்கசீப்புக்கு ஆற்றுத் துறை காட்டியவர் சம்பத்ராய். ஆயிரவர்க்கு மேற்பட்ட தகுதி பெற்றிருந்த பிரபுக்களை அலிகர் வரலாற்றறிஞர் அத்தர் அலி எண்ணிப் பார்த்தார். சமுகர் வரையில் தாராவின் பக்கம் இந்துப் பிரபுக்கள் 24 பேர். ஔரங்கசீப்பின் பக்கம் 21 பேர். கூட்டமாக எந்தச் சமயத்தாரும் எந்தப் பக்கமும் சேரவில்லை. உண்ட உப்பு, உறவு, பகை, எதிர்பார்ப்பு ஆகியவையே அவரவரை நிறுத்தின. பழைய களங்களிலிருந்து இன்றைய பகைக்கு விறகு பொறுக்குவோர் இவ்வெண்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

அவ்வாறாயின் தாரா ஏன் தோற்றார்? வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவப் பெருந்தகை. அந்த வரிசைக்கு இம்மூன்று களங்களைவிடத் தெளிவான உரை வேண்டுவதில்லை. பகதூர்பூரில் வென்ற பின் தன் வலி எங்கே நிற்க வேண்டும் என்பது அறியப்படவில்லை. தர்மத்தில் இடன் அறியப்படவில்லை. சமுகரில், எதிரி தாகத்தால் தளர்ந்திருந்த மே 28ஆம் நாளாகிய காலம் அறியப்படவில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, மக்களைத் தடுக்கவும் வேண்டும், மக்கள் நோகவும் கூடாது என்று இரண்டுபட்ட ஒரு தந்தையின் உள்ளம் ஆணைகளையெல்லாம் நீர்க்கச் செய்தது. எதிரே நின்றவருக்கோ உள்ளம் ஒன்று, நோக்கம் ஒன்று. அந்நோக்கம் நல்லதா என்பது வேறு வினா.

எஞ்சியவை விரைவில் நடந்தன. ஜூன் மாதம் ஆக்ராக் கோட்டைக்கு யமுனை நீர் வரும் வாயில் அடைக்கப்பட்டது. மூன்றே நாட்களில் பேரரசர் கதவைத் திறந்துவிட்டார். உடன் போரிட்டு முகத்தில் காயமேந்திய முராத், அதே மாதம் மதுராவுக்கருகில் விருந்துக்கு அழைக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1659 ஆகஸ்டு மாதம் தாரா தில்லியில் கொல்லப்பட்டு, உமாயூன் கல்லறை வளாகத்தில் புதைக்கப்பட்டார். ஷூஜா அராக்கானில் மறைந்தார். ஷாஜகான் எண்கோண மாடத்தில் 1666 வரை உயிரோடிருந்தார்.

மனுச்சி பக்கிரி வேடம் பூண்டு, தோற்றுப்போன தம் தலைவரைத் தேடி லாகூர் வரை சென்று சேர்ந்தார். தாரா இறந்த பின் ஔரங்கசீப்பின் படையில் சேர அவர் உடன்படவில்லை. மருத்துவத் தொழிலால் பிழைத்து, இறுதியில் நம் சென்னைக்கு வந்தார். வென்றவரின் அரசவை எழுத்தாளர்கள் எழுதிய வரலாற்றுக்கு மறுபக்கமாக, தோற்றவரின் பீரங்கி வரிசையில் நின்ற ஒருவர் கண்டதும் நமக்குக் கிடைத்தது அதனாலேயே. அவர் கூறுவதெல்லாம் மெய்யென்று கொள்வதற்கில்லை. கேட்ட கதைகளையும் அவர் கலந்து எழுதுவார். எனினும் நாவிதரும் தச்சரும் அக்களத்தில் நின்றனர் என்பதை எழுத வேண்டும் என அவருக்குத் தோன்றியதே, அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, எண்கோண மாடத்தில் நின்று கிழக்கே தாஜ்மகாலைக் காட்டும் கையை, ஆற்றின் போக்கோடு அதற்கு அப்பாலும் ஒருமுறை நீட்டுவோமாக. அரசிழந்த தந்தையின் கதையோடு, யாருடைய அரியணைக்கென்றே தெளிவாக அறியாமல் வெயிலில் நின்று மாண்ட தையற்காரனின் கதையையும் குழந்தைகளுக்குச் சொல்வோமாக.